தனக்கோடி வரைந்த கூழைக்கடா

ஏரியில் ஒரு கூழைக்கடாகூட இல்லையென்று நாற்பது நாளாகச் சாதித்துக்கொண்டிருந்தது, பறவைகளைத் தானே அடையாளம் கண்டு எண்ணும் கேமரா. இன்று மாலை ஆறு மணிக்குள் ஒன்றாவது அதன் கணக்கில் விழாவிட்டால் ஏரியை மூடிப் பேருந்து நிலையம் கட்டிவிடுவார்கள்.

பறவை ஆராய்ச்சிக்குச் சம்பளம் வாங்காமல் போஸ்டர் வரைந்துகொடுத்த தனக்கோடிக்கு எல்லார் மீதும் சந்தேகம். மனை விற்பவர்கள் மீது, டீக்கடைக்காரர் மீது, எதிர்வீட்டுப் பூனை மீதும்கூட.

நேரில் போய்ப் பார்த்தால், ஏரியில் தண்ணீரே தெரியாத அளவுக்குக் கூழைக்கடாக்கள். ஒன்று கேமராவின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது!

"ரெஜினாம்மா, கேமராவை யாரோ வளைச்சுட்டாங்க!" என்று ஆராய்ச்சியாளரிடம் கத்தினார்.

"அது யாருக்கும் வளையாதுண்ணே. உங்க போஸ்டரைப் பார்த்துத்தான் பறவையை அடையாளம் கத்துக்கிச்சு." ரெஜினா கையிலிருந்த போஸ்டரையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது அழுக்குச் சாம்பலால்ல இருக்கு? நீங்க ஏன்ணே பால் வெள்ளையா போட்டீங்க? கன்னத்துல ரோஸ் வேற!"

முப்பது வருடம் கட்சிக்கும் கல்யாணத்துக்கும் பேனர் அடித்தவர் தனக்கோடி. ஒருவரையும் உள்ள நிறத்தில் போட்டதில்லை.

"லேசா கலர் ஏத்தினேன்மா."

"அது திருத்திக் கத்துக்க ரெண்டு நாள் ஆகும். இப்ப மணி அஞ்சே முக்கால்."

தனக்கோடி வேட்டியை மடித்துக் கட்டினார். போஸ்டரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஏரிக்குள் இறங்கினார். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது: கூழைக்கடா, ஒன்று.

சுற்றியிருந்த ஆயிரம் கூழைக்கடாக்களும் அவரைச் சந்தேகமாகப் பார்த்தன.