கழுத்துப் பிடி

நல்லமுத்துவின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்த பொலிஸ்காரர், அடுத்த நொடி அவன் தோளுக்கு மேலே பறந்து உடப்புசல்லாவைச் சந்தியின் சேற்றில் கிடந்தார். விழுந்தவர் வேறு யாராவது என்றால் சோதனைக்காக இறக்கிவிடப்பட்ட பஸ் பயணிகள் மொத்தப்பேரும் சிரித்திருப்பார்கள். ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

நல்லமுத்துதான் பதறிப்போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினான். "எந்திரிங்க சார், எந்திரிங்க" என்று அவர் முதுகையும் தட்டிவிட்டான். அதற்குள் துப்பாக்கிகள் அவனைச் சுற்றி வளைத்துவிட்டன.

யுத்தம் உச்சத்தில் இருந்த தொண்ணூற்றாறாம் வருடம். பொலிஸ் நிலையத்துக்கு அவனை இழுத்துப்போக, பஸ்ஸில் கூட வந்த மனைவி நாகலெட்சுமி அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

"ட்ரெய்னிங் எடுத்தவன்தான் இப்படித் தூக்கியடிப்பான்." இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. "எந்தக் கேம்ப்ல பழகின? வன்னியில புலிகள்கிட்டயா?"

"சத்தியமா நா வன்னிப் பக்கமே போனதில்லைங்க சார்."

"என்ன வேலை செய்ற?"

அவன் வாயைத் திறப்பதற்குள் நாகலெட்சுமி முந்திக்கொண்டாள். "தேயிலத் தோட்டத்துல பேரு வெட்டி வேலய விட்டு நிப்பாட்டுனதுலருந்து கந்தப்பளையில பண்டா மொதலாளியோட மரக்கறித் தோட்டத்துக்குப் போறாருங்க. மூட்ட தூக்கி ஒடம்பெல்லாம் கன்னிப்போயி வர்றாருங்க. நாந்தாங்க தைலம் தடவிவிடுறேன்."

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். விலாவிலும் முதுகிலும் பழைய காயமும் புதுக் காயமுமாகக் கறுத்துக் கிடந்தது.

"மூட்டை தூக்கினா விலாவுல அடிபடுமா?" என்று கேட்டபடி இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். பேசி வைத்தபோது அவர் முகம் இறுகியிருந்தது. "பண்டா முதலாளிக்கு இவனைத் தெரியவே தெரியாதாம்."

நாகலெட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள். "அப்ப தெனமும் சோத்தக் கட்டிக்கிட்டு எங்கதாங்க போனீங்க?"

நல்லமுத்து அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாவி மனிதன், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்! இன்ஸ்பெக்டர் அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோக ஜீப்பை வரச் சொல்லிவிட்டார். அந்த ஜீப்பில் ஏறியவன் எப்போது திரும்புவான் என்பது ஏற்றிவிட்டவர்களுக்கே தெரியாது.

வாசலில் ஜீப் உறுமியது. நாகலெட்சுமி கணவனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லித் தொலைங்களேன்! வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு நா எங்க போயி ஒங்கள தேடுவேன்?"

அவன் உடைந்துபோனான். "சொல்லிடுறேங்க சார். இவள மட்டும் வெளிய போகச் சொல்லுங்க. இவளுக்குத் தெரிய வேணாம்."

"அவள் எங்கயும் போக மாட்டா. இங்கயே சொல்லு. எந்தக் கேம்ப்?"

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆர்மி கேம்புலதாங்க சார். புதுசா சேந்தவங்க தூக்கியடிச்சுப் பழக, எதிரியா நின்னு அவங்க கழுத்தப் பிடிக்கிற கூலியாளு நாந்தாங்க."