சத்தம் போடாத நரி

மூக்குத்தி எட்டிப் பார்த்தது.

வடிவு போனில் மழைச் செய்தி படித்துக்கொண்டிருந்தாள். அணையில் தண்ணீர் திறப்பு என்ற வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அது விளம்பரமாகப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஏழு கல் வைத்தது. முந்தின நாள் அவள் வீட்டுக்காரர் ஆசை ஆசையாகப் பார்த்த அதே மூக்குத்தி.

அவர் வாயிலிருந்த டீயை விழுங்க மறந்தார்.

"இங்கன பாருங்க. நேத்துலருந்து எதத் தொட்டாலும் மூக்குத்தியா வருது."

"ஊருக்கே வருதாம்," என்றார்.

வீட்டில் டச் போன் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் பொது.

வரும் வியாழக்கிழமை கல்யாண நாள். லாரி ஓட்டிய காலம் முழுக்க, அந்த நாளில் அவர் எங்காவது வெளி மாநிலத்தில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது கையில் அழுக்குத் துணி மூட்டை இருக்கும். வேறு ஒன்றும் இருக்காது.

இந்த ஒரு தடவையாவது அவள் வாயைப் பிளக்க வேண்டும். அதற்குள் போன் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே ஜெசிந்தாவின் செல்போன் கடைக்குப் போனார். அவள் பிரவுசிங் சென்டர் நடத்திய நாளிலிருந்தே பழக்கம். வாய் ஓயாது. வேலை சுத்தம்.

"எவனோ எட்டிப் பாக்கான் தாயி. நேத்து நான் பாத்தது இன்னைக்கு அவளுக்குத் தெரியுது. ஆளப் புடிச்சுக் குடு."

"ஆளெல்லாம் இல்ல அண்ணாச்சி. பிரவுசர் ஞாபகம் வச்சிருக்கு. மூக்குத்திக்கு மட்டும் வேற பிரவுசர் போட்டுருவோம்."

வேறயா? இன்டர்நெட் என்றால் போனில் தொடுகிற அந்த ஒரு படம்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

ஜெசிந்தா சிரித்தாள்.

"நான் கம்ப்யூட்டர் படிச்சப்ப கப்பல் சக்கரம் படம் போட்ட பிரவுசர் ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் நீல ஈ வந்துச்சு."

"ஈயா?"

"இங்கிலீஷ் எழுத்து அண்ணாச்சி. கம்ப்யூட்டரோட சும்மாவே வரும். சும்மா வந்தா ஊரு விடுமா? கப்பல் முங்கிட்டு."

சும்மா என்றதும் அவர் காது விடைத்தது. ஓசி டீ கொடுத்து லாரிகளை இழுத்த ஹோட்டல், எதிர்க் கடை மூடின மறுநாளே காசு கேட்டதை அவர் பார்த்திருக்கிறார்.

"அப்புறம்?"

"முங்குன கப்பல்ல இருந்து ஒரு நரி நீந்தி வந்துச்சு. இப்ப எம்புட்டோ பிரவுசர் இருக்கு. சிங்கம் இருக்கு, வாத்து இருக்கு, நரியும் இருக்கு. எது வேணும்?"

"பிரவுசர் கேட்டா மிருகக்காட்சிசாலையக் காட்டுதியே."

யோசித்தார்.

சிங்கம் உறுமும். வாத்து ஊரைக் கூட்டும். நரி ஊளை விடும்தான். ஆனால் திருடப் போகிற நேரத்தில் விடாது. இப்போது நடப்பதும் திருட்டு வேலைதான்.

"நரிய நம்பலாமா?"

"நம்பலாம்."

"சும்மாதானா?"

"சும்மாதான்."

"அப்ப எப்படி நம்ப?"

"அண்ணாச்சி, போடவா வேண்டாமா?"

"போடு."

ஜெசிந்தா தட்டினாள். நிறுத்தினாள். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நரி ஏற்கெனவே உள்ளதான் இருக்கு."

எழுத்துக் கூட்டிப் படித்தார். அவள் காட்டிய இடத்தில் 'நிறுவு' என்று இல்லை. 'திற' என்று இருந்தது.

அவள் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம். கால்குலேட்டருக்கும் திசைகாட்டிக்கும் பின்னால், வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது.

"நீங்க போட்டியளா?"

"எனக்கு நீல ஈயே இப்பத்தான் தெரியும்."

அவருக்குச் சுருக்கென்றது.

டீசலில் தண்ணீர் கலந்தவனைப் பார்த்தவர். எடை மேடையில் காலை வைத்து அழுத்தியவனைப் பிடித்தவர். யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை.

ஆனால் இது வடிவு.

யாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாள்? வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

எதை?

எதிர்ச் சுவரில் காலண்டர் காற்றுக்குப் படபடத்தது. அதில் வியாழக்கிழமையையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணம் தனக்கு மட்டும் ஆகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் மீசை அசைந்தது. பிறகு தோள். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

ஜெசிந்தாவின் கட்டைவிரல் நரிக்கு மேலே நின்றது.

"தொறந்து பாக்கட்டா அண்ணாச்சி? மதினி என்ன தேடுதாவன்னு தெரிஞ்சிரும்."

"கைய எடு."

பட்டென்று வந்துவிட்டது. கடையில் கட்டிக் கொடுத்த உளுந்தைக்கூட அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் நகர்வார். ஜெசிந்தா விரலை இழுத்துக்கொண்டாள்.

அவர் கல்லாப்பெட்டி மேல் குனிந்தார். அடுத்த தெருவில் இருக்கிற வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"சிங்கத்தப் போடு. நரி கண்ணுல படாத எடமாப் பாத்து வை."