அதிபர் கேட்க வந்தார்

கம்பம் ஊரில் ரெபேக்காளின் திராட்சைத் தோட்டத்து வேலிக்கு வெளியே அதிபரே தன் காவல் ரோபோக்களுடன் வந்து நின்றார். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. வேதாகமத்தில் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்குத் தர மறுத்து உயிரை விட்ட நாபோத்தின் பெயரால் ஒரு சட்டம் வந்திருந்தது. நிலம் வேண்டுமென்றால் ஆள்பவர் தானே வந்து கேட்க வேண்டும்; கேட்காமலோ மறுத்த பிறகோ எதையும் தொடக் கூடாது, இயந்திரங்களும் ரோபோக்களும்கூட அதற்குக் கட்டுப்பட்டவை.

“மாளிகை கட்டணும். தோட்டத்தத் தருவீங்களாம்மா?”

ரெபேக்காள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “தர மாட்டேங்கய்யா.”

பந்தலைப் பிடுங்க உறுமிக்கொண்டிருந்த இயந்திரம் சட்டென்று அணைந்தது. ஊர் விசிலடித்தது. அசடு வழிந்த அதிபர், வேலிக்கு வெளியே தொங்கிய குலையில் ஒரு பழத்தைப் பறித்தார். அவ்வளவுதான், அவருடைய காவல் ரோபோக்களே அவர் கையைப் பிடித்துக்கொண்டன.

“அட, விடுங்கப்பா!” என்று ரெபேக்காள் ஓடிவந்தாள். “ஐயா, இதயும் கேட்டிருக்கலாம்ல? ஒரு கூடையே குடுத்திருப்பேனே!”