மூணாவது காயிலின் சந்தேகம்

பெரிய பங்களாவில் வாழ்ந்து கிழடான கார் அது. சாவியைத் திருகினால் நாலு தடவை இருமும். அப்புறம் ஒருவழியாகக் கிளம்பி, உடம்பெல்லாம் உதறும்.

அதன் இன்ஜினில் ஆறு பிளக்குகள். ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில் உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும். பிளக் அதை வாங்கிப் பொறி தட்டும். மூணாவது காயிலுக்கோ தனக்குக் கீழே இருந்த பிளக்மேல் ஓயாத சந்தேகம்.

"அள்ளி அள்ளிக் கொடுக்கிறேனே, எல்லாத்தையும் எங்கடா ஒளிச்சு வைக்கிறே?"

"அண்ணே, வந்து சேர்ந்தால்தானே நான் தட்ட முடியும்?"

"பேச்சைப் பாரு! உன் முழியே சரியில்லை."

அன்றைக்கு மெக்கானிக் சவரிமுத்து பானெட்டைத் திறந்தார். "மூணுலதான் கோளாறு. காயிலா, பிளக்கான்னு இடம் மாத்திப் பார்த்துடுவோம். கெட்டுப்போனது எதுவோ, அது இன்னைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போகும்" என்றார்.

அதைக் கேட்ட காயில், 'எனக்கென்ன பயம்? திருடன் கீழேதானே இருக்கான்' என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

சவரிமுத்து பிளக்குகளைத் தொடவில்லை. மூணாவது காயிலைக் கழற்றி அஞ்சாவது பிளக்மேல் மாட்டினார். அஞ்சாவது காயிலை மூணாவது இடத்தில் வைத்தார்.

"அப்பாடா, யோக்கியன்கிட்டே வந்து சேர்ந்தேன்" என்றது காயில்.

சாவியைத் திருகினார். மூணாவது இடம் வெண்ணெயாக ஓடியது. அஞ்சாவது இடம் உதறு உதறென்று உதறியது.

சவரிமுத்து வண்டியை நிறுத்திவிட்டுக் காயிலைக் கழற்றக் கையை நீட்டினார். காயில் தனக்குக் கீழே இருந்த அஞ்சாவது பிளக்கை முறைத்தது.

"அடப்பாவி! அதுக்குள்ளே அந்தத் திருடன் உனக்கும் சொல்லிக் கொடுத்துட்டானா?"