விரல் நீளத் தழும்பு

"வருத்தக்காரர் இறங்கத் தேவையில்ல ஐயா. இருங்க" என்றான் கொண்டக்டர்.

நான் இறங்கினேன். கொழும்பில் எனக்கு இடுப்பு மாற்றியது பஸ்ஸுக்குள் குந்தியிருக்க அல்ல.

சுனாமியில் கடல் வந்த அன்று கல்குடாவில் பனையொன்றில் அடிபட்ட இடுப்பு. வருடத்துக்கு வருடம் தேய்ந்து என்னை ஒரு பக்கம் சாய வைத்திருந்தது. இப்போது உள்ளே புது உலோக மூட்டு. ஊன்றுபொல்லில்லாமல், நிமிர்ந்து நடந்தேன்.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த மாதம் அது. சோதனைச் சாவடியில் கதவுநிலை போல ஒரு கருவியை நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் கொழும்புக்குப் போனபோது அது அங்கே இருக்கவில்லை. உடம்பில் இரும்பு இருந்தால் கத்தும். அப்படிக் கத்தியதில் மண்மூட்டைகளின் ஓரம் ஏற்கனவே இரண்டு இளைஞர்கள் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள்.

ஆண்களின் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் சதீசன், என் மகள் மேனுகாவின் கணவர். ஆஸ்பத்திரியில் எனக்குத் துணை நின்றவரும் அவர்தான்.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் வாழ்வார். ஆனாலும் ஒரே கூரையின் கீழ் நானும் அவரும் ஒருவரையொருவர் தொட்டதில்லை. மாமனுக்கும் மருமகனுக்கும் இடையில் அந்த மரியாதை இருக்கவேண்டும். கட்டிலிலிருந்து முதல்முறை எழும்பியபோது அவர் நீட்டிய கையை நான் பிடிக்கவில்லை. தாதி வரட்டும் என்றேன்.

நிலைக்குள் போனேன். கருவி கத்தியது.

"ஒபரேசன்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"எங்க? காட்டு" என்றான் சிப்பாய்.

கண்ணகையம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் நான். சடங்கு தொடங்க ஊரே என் வாயைப் பார்த்து நிற்கும்.

பஸ் முழுவதும் பார்த்திருக்க, வேட்டியை ஒரு பக்கம் இடுப்புவரை உயர்த்தினேன்.

அவன் குனிந்து தேடினான். தழும்பு ஒரு விரல் நீளம்தான். தசையை அறுக்காமல் விலக்கி, அந்தச் சின்ன வாசலுக்குள்ளால் முழு மூட்டையும் மாற்றியதாக டொக்டர் சொல்லியிருந்தார். அடுத்த நாளே நடக்கவும் வைத்தார். சிப்பாய் நம்பவில்லை. இடுப்பு மாற்றியவனுக்கு முழ நீளத்தில் தையல் இருக்கவேண்டும் என்று அவன் நினைத்திருப்பான்.

"ஐயாவ வெட்டினது டொக்டரா, கட்டெறும்பா?" என்றார் வரிசையில் நின்ற ஏறாவூர்ப் புடவை வியாபாரி பக்கீர்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சிப்பாய்க்கும் தொற்றியது. கூட்டாளியைக் கூப்பிட்டு என் தழும்பைக் காட்டினான். பிறகு நிலையைக் காட்டினான். அந்தப் பக்கம் போய் இன்னொருமுறை அதற்குள்ளால் வரவேண்டுமாம். கூட்டாளி கருவி கத்துவதைக் கேட்கவேண்டுமாம்.

மறுத்திருக்கலாம். நோயாளி, வயதுபோனவர் என்று விட்டிருப்பார்கள்.

நான் திரும்பிப் போனேன். சதீசன் அடுத்ததாக நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு ஏலாமக் கிடக்கு. வந்து பிடிங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நானே அவருடைய கையை எடுத்து என் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். பாரம் முழுவதையும் அவர் தோளில் வைத்து, காலை இழுத்து இழுத்து நடந்தேன். நிலை ஒடுக்கமானது. ஒட்டிக்கொண்டு இருவருமாக நுழைந்தோம்.

கருவி கத்தியது.

சிப்பாய்கள் என் இடுப்பைக் காட்டிச் சிரித்தார்கள். இருவரையும் போகச் சொல்லிக் கை வீசினார்கள்.

பஸ் புறப்பட்ட பிறகும் பின் இருக்கைகளில் சிரிப்பு ஓயவில்லை. சதீசன் என் பக்கத்தில் இருந்தார்.

"நோகுதா மாமா?"

"எனக்கு நோகல்ல."

ஆஸ்பத்திரியில் காட்டினால் கேள்வி வரும் என்று நாங்கள் எடுக்காமலே விட்டிருந்த செல் குண்டின் இரும்புத் துண்டு, வாகரையிலிருந்து ஓடிவந்த நாளில் உள்ளே போன அதே இடத்தில், அவருடைய தொடைக்குள் இருந்தது.