சிவப்பு நூல்

கிணற்று மேட்டில் டீசல் என்ஜின் மூச்சடங்கி நிற்கிறது. உச்சி வெயிலில் சிவனாண்டி டீசல் குழாயைக் கழற்றி வாயால் ஊதுகிறான். தூசி வரும் என்று பார்த்தால், உள்ளங்கையில் ஒரு சிவப்பு நூல் சுருண்டு விழுகிறது. என்ஜினுக்குள் தூசி போய்விடக் கூடாதென்று, எப்போதும் தன் தலைத்துண்டை விரித்து வடிகட்டித்தான் டீசல் ஊற்றுகிறான். இற்றுப்போன அந்தத் துண்டின் நூல்தான் இது. என்ஜினுக்கு டீசலைத் தள்ளும் பம்புக்குள்ளும் போய் அடைத்திருக்கிறது. அதைப் பிரிக்கச் சங்கரன்கோவிலில் ஆளில்லை. ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் மிளகாய்ச் செடி கருகிவிடும். இலைகள் இப்போதே துவண்டு தொங்குகின்றன. “என்ன செய்யுதிய? தண்ணி நின்னுபோச்சே!” தோட்டத்துக் கடைசியிலிருந்து அவன் மனைவி பூமாரி கத்துகிறாள். அவன் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான். “ஏட்டி, இந்தா வந்துரும்.” வாயில் டீசல் கசக்கிறது. அவள் அதை நம்பிக் குனிந்து, மண்வெட்டியால் அடுத்த பாத்தியின் மடையைத் திறந்துவைக்கிறாள்.