புது லென்ஸ்

நாலாவது புள்ளியின் மேல் பென்சிலை வைத்தபோதுதான் கிறிஸ்துராஜின் கை நின்றது.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். உடம்பில் கருத்திருப்பது அங்கே வெளுப்பாகத் தெரியும். அதன்மேல் பென்சிலால் பூசிவிட்டால் படத்தில் காணாமல் போய்விடும். அம்பத்தூரில் அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்தவர்களின் பருவும் அம்மைத் தழும்பும் அப்படித்தான் போயின.

பழைய லென்ஸ் இருந்தவரை அந்த டச்சிங் வேலைகூட அதிகமில்லை. யுத்த காலத்துக்கும் முந்தைய டிசைன். யாரை எடுத்தாலும் வெண்ணெய் தடவியதுபோல வரும். பாவமன்னிப்பு கொடுக்கிற லென்ஸ் என்று பங்குச் சாமியாரிடமே பீற்றிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து ஊரான பாடியில் கலர் ஸ்டுடியோ திறந்த பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. அங்கே எடுத்த படத்தில் இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது.

"டிசைனு பழசாயிடிச்சி அண்ணாத்தே. கம்பெனிக்காரனே திருத்தி புச்சா உட்டுக்கீறான், நீ இன்னும் கட்டிகினு அழுவுற" என்றான் கேமரா கடைக்காரன்.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்தார்.

முதல் படம் மகள் ஞானகுமாரிக்கும் மருமகன் அந்தோணிராஜுக்கும். கல்யாணமானதிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அண்ணனூரிலிருந்து வந்து, ஜோடியாக நின்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

"இன்னா மாமா, பீரங்கி கணக்கா கீது! நம்ம மூஞ்சி தாங்குமா?" என்றான் அந்தோணிராஜ்.

"பழசையே போடுப்பா" என்றாள் ஞானா.

அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

இப்போது அந்த நெகட்டிவில், ஜாக்கெட்டின் கை முடிகிற இடத்துக்குக் கீழே, வரிசையாக நாலு வெளுப்பு. பவுடர் பூசி வந்திருக்கிறாள். நேரில் நின்ற அப்பாவின் கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றை அவரே பூசி மறைத்திருந்தார். பழக்க தோஷம்.

இடது கையால் தன் வலது புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். நாலு விரலும் அதே இடைவெளியில் உட்கார்ந்தன.

போன வருஷத்துப் படத்தையும் அதற்கு முந்தைய வருஷத்துப் படத்தையும் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மகளின் கை வழவழவென்று இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் வழவழவென்றே இருந்தது.

பஞ்சை நனைத்து நெகட்டிவிலிருந்த பென்சில் பூச்சைத் துடைத்தார். அப்படியே பிரிண்ட் போட்டார்.

சாயங்காலம் படத்தை வாங்க ஞானா மட்டும் உள்ளே வந்தாள். மாப்பிள்ளை வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தான்.

அவர் கவரை நீட்டினார்.

அவள் படத்தை உருவிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே முந்தானையை இழுத்துக் கையைப் போர்த்திக்கொண்டாள்.

"டச்சிங் பண்ண மறந்துட்டியாப்பா?"

வெளியே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

கிறிஸ்துராஜ் எழுந்து போய் வாசல் ஷட்டரை உள்ளிருந்து இறக்கினார்.